வேலையாள் அல்ல, டிரம்ஸ் வாசித்தவர்: நேமத்தான்பட்டியில் என் அப்பாவின் படம்

செட்டிநாட்டுக்கு எல்லோரும் ஆசையோடு போவார்கள். நான் கோபத்தோடு போனேன். சென்ற மாதம் என் தோழி நேமத்தான்பட்டிப் பக்கம், ஹோட்டலாக மாற்றப்பட்ட ஒரு பழைய மாளிகையில் இரண்டு நாள் தங்கினாள். அங்கே சுவரில் மாட்டியிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பி, "இது உங்கப்பா மாதிரி இல்ல?" என்று கேட்டிருந்தாள். மாதிரி என்ன, அப்பாவேதான். படத்துக்குக் கீழே இருந்த வாசகத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். 'இம்மாளிகையில் விருந்தினராகத் தங்கிய ஆங்கிலேய இசைக்குழுவினர். வலது ஓரத்தில், அவர்களுடைய வாத்தியங்களைச் சுமந்த வேலையாள்.'

அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

அப்பா புதுவயல்காரர். பெயர் சாமிநாதன். தாத்தாவுக்கு அங்கே அரிசி மில் இருந்தது. அறுபதுகளில் அப்பாவை இயந்திரப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெசவாலை ஊர். அந்தக் காலத்தில் அங்கே தெருவுக்குத் தெரு பையன்கள் கிட்டாரும் டிரம்ஸும் வாங்கிக் குழு ஆரம்பித்துக்கொண்டிருந்தார்களாம். அப்படி ஒரு குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவைப்பட, அப்பா போய்ச் சேர்ந்தார். 'ஸ்டீம் விசில்ஸ்' என்று பெயர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்த ஊரைத் தாண்டி யாரும் கேள்விப்பட்டதில்லை. சர்ச் மண்டபங்களில் வாசித்தார்கள், ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள், கலைந்துபோனார்கள். போன வருஷம் அப்பா இறந்த பிறகு இணையத்தில் தேடியபோது, பழைய குழுக்களைப் பட்டியலிடும் ஒரு தளத்தில் அவர்களைப் பற்றி இரண்டு வரி இருந்தது. டிரம்ஸ் வாசித்தவர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருந்தார்கள். மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே திருத்திவிட்டார்கள். கடல் தாண்டி இருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். நம்மூர்க்காரர்களிடம்தான் நேரில் போய்க் கத்த வேண்டியிருக்கிறது.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஏழு மணிக்குக் காரைக்குடி பஸ். ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய், இரண்டேகால் மணி நேரம். காரைக்குடி புதிய பேருந்து நிலையத்திலிருந்து மாளிகைக்கு ஆட்டோ முந்நூற்றைம்பது ரூபாய். ஐந்நூறில் ஆரம்பிப்பார்கள், விடாதீர்கள்.

"தங்கப் போறீகளா, சுத்திப் பாக்கவா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"சண்டை போட."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப வெயிட்டிங் மணிக்கு நூறு ரூவா, அக்கா. சண்டை சீக்கிரம் முடிஞ்சா கொறச்சுக்கலாம்." அன்று நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

உள்ளே சுற்றிப் பார்க்க இருநூறு ரூபாய், காபி சேர்த்து. மேலாளருக்கு முப்பது வயதிருக்கும். அவரே எங்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை எல்லாம் காட்டிவிட்டு இரண்டாங்கட்டில் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினார். "வெள்ளக்காரக இங்க வந்து தங்குனப்ப எடுத்தது. இந்தா ஓரத்துல நிக்கிறான் பாருங்க, இவன்தான் சாமான் தூக்குனவன்."

"தூக்குனவன் இல்ல. வாசிச்சவர். எங்கப்பா."

காபி டம்ளர்களோடு எல்லோரும் திரும்பினார்கள். மேலாளர் என்னை அவசரமாக அலுவலக அறைக்குக் கூட்டிப் போனார்.

"மேடம், கோவிச்சுக்காதீக. வெறும் படம்னா யாரு நின்னு பாப்பாக? கெஸ்ட்டுக்கு ஒரு கதை வேணும்ல."

"படத்துல தெரு முழுக்கப் பனி கெடக்கு. நேமத்தான்பட்டியில எந்த வருஷம் பனி கொட்டுச்சு?"

"அது பனியா? வெள்ளையடிக்கக் கொட்டி வச்ச சுண்ணாம்புன்னுல்ல நெனச்சோம்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அவுக உங்க அப்பாதான்ங்கிறதுக்கு ஆதாரம் ஏதும் வச்சிருக்கீகளா?" என்றார்.

வேலையாள் என்று எழுதியபோது இவர்கள் யாரிடமும் ஆதாரம் கேட்கவில்லை. நாலு வெள்ளைக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த மனிதர் நின்றால் போதும், எழுதிவிடலாம். இல்லை என்று சொல்ல வந்த மகள்தான் நிரூபிக்க வேண்டும்.

அந்தக் குழுவில் பாடிய கீத் என்பவர் இன்னும் இருக்கிறார், அவர் எண் என்னிடம் இருந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். பரவாயில்லை என்று கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பனிப் படத்தில் வலது ஓரத்தில் நிற்பது யார் என்று கேட்டேன். தூக்கம் கலையாத குரலில் கீத் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "சாம்தானே? அன்றைக்குப் படம் எடுக்கும்போது டிரம்மைக் கீழே வைடா என்று எல்லோரும் சொன்னோம். பனியில் தோல் நனைந்துவிடும் என்று அவன் வைக்கவே இல்லை. அணைத்துக்கொண்டே நின்றான்."

மேலாளருக்கு ஆங்கிலம் நன்றாகவே புரிந்தது. முதலாளி சிங்கப்பூரில் இருக்கிறார், அவரைக் கேட்காமல் எதையும் மாற்ற முடியாது என்று கொஞ்ச நேரம் இழுத்தார். மாற்றும்வரை அந்தப் படத்துக்கு அடியிலேயே உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். உட்காரவும் செய்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் பழைய வாசகம் போய்விட்டது. ஐந்து பேரின் பெயரையும் நானே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். அதை ஒட்டினார்கள். மாற்றிவிட்டார்கள் என்பதால்தான் மாளிகையின் பெயரை இங்கே எழுதவில்லை.

கிளம்பும்போது, இந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்டேன். "புதுவயல்ல ஒரு வீட்ட ஒழிச்சப்ப பழைய சாமான் கடைக்கு வந்ததாம்" என்றார்.

புதுவயல் வீட்டை விற்றவர் என் சித்தப்பா. இப்போது காரைக்குடியில் மகனோடு இருக்கிறார். ஆட்டோவை நேராக அங்கே விடச் சொன்னேன்.

"அப்பா படம் தெரியாமக் கடைக்குப் போயிருச்சா சித்தப்பா?"

அவர் மறைக்கவில்லை. "தெரிஞ்சுதான், தொலையட்டும்னு குடுத்தேன். மில்லுக்காரக வீட்டுப் புள்ள சீமைக்குப் போயிக் கொட்டடிச்சான்னு ஊருக்குத் தெரியணுமா? எங்க அய்யா அதுக்குத்தான் அந்தப் படத்தப் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சாக. தோல அடிக்கிறது நம்ம சாதி வேலையா?"

"அதை அடிக்கிறவுக மனுசங்க இல்லையா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தான் சொல்றீக. அங்க ஒருத்தன் எங்கப்பாவ வேலைக்காரன்னு எழுதுறான். நீங்க அவரு வாசிச்சதையே கேவலம்னு பெட்டியில பூட்டுறீக. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

சித்தி கொண்டுவந்த மோரை நான் தொடவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தபோது சித்தப்பா பின்னாலேயே வந்தார். "அண்ணன் அதுல எப்படி இருக்காக?" என்று கேட்டார். கைப்பேசியில் படம் இருந்தது. காட்டவில்லை.

"பத்துக் கிலோமீட்டர்தான் சித்தப்பா. ஆட்டோ முந்நூத்தம்பது ரூவா. போய்ப் பாருங்க."

இதுவரை அவர் போகவில்லை.

நீங்கள் போவதென்றால் மார்கழி, தை மாதங்களில் போங்கள், வெயில் தாங்கும்படி இருக்கும். கடைசி வண்டியை நம்பாமல் ஆறு மணிக்குள் காரைக்குடியில் மதுரை பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். மாளிகைகளில் தூணையும் தரையையும் தாராளமாகப் படம் எடுங்கள். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் மனிதர்களைப் பற்றிச் சொல்கிற கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். ஓரத்தில் பெயரில்லாமல் ஒருவர் நின்றால், அவர் யாரென்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.