எங்கள் சந்திக் கல்லில் விட்ட இடம்

எங்கள் சந்தியில் ஒரு கருங்கல் நிற்கிறது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் தோணிகளில் வந்து கரையேறிய இடம் என்று மூன்று மொழியிலும் அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சந்தியில் ஒருத்தரும் கரையேறவில்லை. அங்கே நின்றால் கடல் தெரியவும் தெரியாது. நாங்கள் இறங்கியது கண்டக்குழிக் கரையில். அங்கே இப்போது வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுவதற்கென்று ஒரு விடுதி இருக்கிறது, கல் நட இடமில்லை. ரோட்டோரம்தான் சும்மா கிடந்தது. தோணி ரோட்டில் வந்தது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கல்லின் அடியில் ஒரு வரிக்கு இடம் வெறுமையாகக் கிடக்கிறது. வெட்டியவர் மறந்துவிட்டார் என்கிறார்கள் சிலர். உல்லாசப் பயணிகளைக் கற்பிட்டிக் கோட்டைக்கு ஏற்றிப்போகும் ஓட்டோக்காரர் ஒருவர், அங்கே இருந்ததை அரசாங்கம் அழித்துவிட்டது என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். உண்மையான காரணம் என் உம்மா.

கல் நடுவதற்குப் பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். நிர்வாகத்தாரின் பேர், திறந்துவைக்கும் பிரமுகரின் பேர், கல் தந்தவரின் பேர் எல்லாம் சண்டையில்லாமல் முடிவாயின. வந்து இறங்கியவர்களைப் பற்றி ஒரு வரி போதும் என்றார்கள். இன்னொரு பேரும் போடவேண்டும் என்று சொல்லச் சொல்லி உம்மா என்னை அனுப்பியிருந்தார்.

"ஆருட பேர்?" என்றார் தலைவர்.

"கரையில எங்களுக்கு உதவின கத்தோலிக்கப் பொம்பிளைட."

"பேர் என்ன?"

"தெரியா."

தலைவர் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். "நீ அந்தக் கவுன் போட்டுத் திரிஞ்ச பொடியன்தானே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரிந்தது உண்மைதான். இறங்கியபோது நான் சின்னவன், முழுக்க நனைந்து, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தேன். கரைக்கு ஓடிவந்தவர்களில் ஒரு பெண், தன் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கென்று தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனைக் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டார். அவசரத்தில் கையில் பட்டது அதுதான். கிடுகுக் கொட்டில்களுக்கு நடுவே பல நாள் நான் லேஸ் வைத்த கவுனோடு கல்யாணப் பொம்பிளையாக உலாவினேன். அந்த மகள் இரவல் கவுனில் நன்மை எடுத்தாள். படத்தில் அது கணுக்கால் வரை தொங்குகிறது. அவள் என்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து பெருநாளுக்கு எங்கள் வட்டிலப்பம் கண்டக்குழிக்குப் போகும், நத்தாருக்கு அங்கிருந்து கேக் வரும். உம்மாவுக்கு அவர் அக்கா. அவருக்கு உம்மா தங்கச்சி. எனக்குப் பெரியம்மா. முதல் நாள் கேட்காத பேரை இத்தனை வருசம் கழித்து எந்த முகத்தோடு கேட்பது?

"நீ கேளு. நீ வெக்கங்கெட்டவன்தானே" என்றார் உம்மா.

அவருக்கு அவசரம். சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது. "கண் முழுசா மங்குறதுக்குள்ள அக்காட பேர அந்தக் கல்லில வாசிக்கோணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்" என்று சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் இரண்டு பேருமாகப் போனோம். பெரியம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். நான் விசயத்தைச் சொல்லிப் பேரைக் கேட்டேன்.

"கல்லிலயா? யேசுவே! நான் இன்னும் சாகேல்லையேடா!"

அவர்கள் ஊரில் கல்லில் பேர் வெட்டுவது சேமக்காலையில் மட்டும்தான், கல்லறைச் சிலுவைக்குக் கீழே. உயிரோடு இருப்பவரின் பேரை வெட்டினால் சாவுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி.

"எங்கட ஆக்கள் செத்தாலும் பேர் போடமாட்டோம் அக்கா. தலைமாட்டில மீசான் கட்டைய மட்டும் நட்டுட்டு வந்துருவோம்" என்றார் உம்மா ஆறுதலாக.

"அப்ப உங்கட தலைவர் மட்டும் ஏன் போடுறார்?"

உம்மா தேத்தண்ணியைக் குடித்தார்.

கடைசியில் பெரியம்மாதான் வழி சொன்னார். "இடத்த விட்டு வைங்க. நான் செத்த பிறகு போடுங்க." பஸ்ஸில் சீட்டுக்கு லேஞ்சி போட்டு வைப்பதுபோல் அவ்வளவு லேசாகச் சொன்னார்.

"அப்ப நான் எப்ப வாசிக்கிறது?" என்று கேட்டு உம்மா அழுதேவிட்டார்.

"நீ வாசிக்கிறதுக்காக நான் சாகோணுமா தங்கச்சி?"

புறப்படும்போது பெரியம்மா கருவாடு கட்டித் தந்தார், பேரையும் சொன்னார். வழியெல்லாம் உம்மா அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மறுநாளே பழையபடி அக்காதான்.

வெறும் இடம் விட்டால் பார்க்க வடிவில்லை என்றார் தலைவர். "உங்கட பேருக்கு முன்னால கிடக்கிற பட்டங்களக் கழட்டினா இன்னும் வடிவா இருக்கும்" என்றேன். இடம் கிடைத்தது. பட்டங்களும் அப்படியே இருக்கின்றன. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் எனக்கு அழைப்பில்லை.

இப்போது உம்மாவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், பஸ் சந்திக்கு வந்ததைத் திருப்பத்தில் உணர்ந்து என் கையைச் சுரண்டுவார்.

"எழுதிட்டாங்களா மகன்? பாரு."

அக்காவுக்கு ஒன்று நடந்தால் முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் பயந்து பயந்துதான் எட்டிப் பார்க்கிறேன்.

"இல்ல உம்மா. வெறுமையாத்தான் கிடக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, உம்மா சீட்டில் சாய்ந்துகொள்வார்.