மானியத்தில் படித்தவன்

குளிர்சாதனங்களைப் பழுது பார்க்கும் அந்தக் கடையில் இரண்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள். மூத்தவர் நெட்டை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வரப் பழகவே அவருக்குப் பல வருடங்கள் ஆயின. இளையவன் அமுக்குணி. அந்தப் பெயரை வைத்தது நெட்டைதான். காலையில் வந்து கருவிப்பையைத் திறந்தால் சாயங்காலம் மூடும்வரை அவன் வாயிலிருந்து வருவது "ம்" மட்டும்தான். கோபத்துக்கும் அதே "ம்", சந்தோஷத்துக்கும் அதே "ம்". எது எதற்கு என்று நெட்டைக்குத் தெரியும். மற்றவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடை முதலாளியம்மாவினுடையது. கணவர் இறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் விற்றுவிடச் சொன்னார்கள். அவர் விற்கவில்லை. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் கடைக்காரர் போனில் கத்தும்போது அவரை அமைதிப்படுத்தத் தெரியும். மெக்கானிக்குகள் இருவரையும் "வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிடுவார். நெட்டை அவரைவிட ஒரு வயது பெரியவர் என்பது அதற்குத் தடையாக இருக்கவில்லை.

குளிர்பதனப் பெட்டிகளில் புதுவகை கேஸ் வரத் தொடங்கிய சமயம் அது. பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால், முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் அந்த மெஷின்களைத் திறக்கலாம் என்று சட்டம் வந்தது. பயிற்சிக் கட்டணமோ அந்தக் கடையின் சக்திக்கு மீறியது. அப்போதுதான், ஆளைப் படிக்க அனுப்பும் சின்ன முதலாளிகளுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே மானியமாகத் தருகிறது என்று முதலாளியம்மா கேள்விப்பட்டார். மானிய ஆபீசுக்கு நடையாய் நடந்து கடைசியில் வாங்கிவிட்டார். ஆனால் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கிடைத்தது.

"நீதாம்பா போகணும், மூத்தவன்" என்றார் நெட்டையிடம்.

"என்னை அனுப்பினா தண்டம்மா. கணக்குன்னாலே எனக்குக் கண்ணைக் கட்டிட்டு வரும். இவனை அனுப்புங்க. வாயைத் தொறக்க மாட்டானே தவிர மண்டை நல்லா ஓடும்."

அமுக்குணி "ம்" என்றான். அது சந்தோஷத்தின் "ம்".

ஆபீசில் கையெழுத்துப் போடும் அன்று அவனும் கூடப் போயிருந்தான். அங்கிருந்த அதிகாரி, "ஆள்கிட்ட ஒப்பந்தம் எழுதி வாங்கிக்குங்கம்மா. படிச்சு முடிச்சதும் ஓடிடுறாங்க" என்றார். முதலாளியம்மா சிரித்தார். "இவனா? இவன் ஓடணும்னா முதல்ல என்கிட்ட வாயைத் தொறந்து சொல்லணும்ல சார்." அவனும் சிரித்தான்.

பயிற்சி வேறொரு ஊரில், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் அவன். பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பது முப்பத்தைந்து வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. கடைசித் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தான். அத்தனை வாரமும் முதலாளியம்மா அவன் வீட்டுக்குச் சம்பளத்தை நிறுத்தவில்லை. நெட்டை இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக இழுத்தார். ஒரு நாள் மாடிக் கட்டடத்துக்குக் கம்ப்ரஸரைத் தனியாகத் தூக்கிப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. போனில் அதைச் சொல்லவே இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான், இடுப்பில் அகலமான பட்டையோடு நிற்கிறவரை அவன் பார்த்தான்.

"என்னண்ணே இது?"

"சும்மா. ஸ்டைலுக்கு."

சான்றிதழைச் சட்டம் போட்டு, நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினார் முதலாளியம்மா. வருகிறவர்களிடம் தன் பிள்ளை பாஸ் செய்த மாதிரி காட்டினார்.

சில மாதம் போயிருக்கும். ஒரு விடுமுறை நாளில் மனைவியின் அண்ணன் அவனைத் தேடி அவன் வீட்டுக்கு வந்தார். பெரிய குளிர்சாதனக் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர் அவர்.

"மாப்ளே, சான்றிதழ் உள்ள ஆள் கிடைக்காம எங்க கம்பெனி அலையுது. உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். சம்பளம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. குடியிருக்க வீடும் தர்றாங்க."

வீடு என்றதும் மனைவி கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். அவர்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரு சுவர் வருடம் முழுக்க ஈரம் கசியும். மகள் படுக்கிற இடம் அந்தச் சுவரை ஒட்டித்தான். அவளுக்கு இருமல் விட்டபாடில்லை.

"அவங்கதான் படிக்க வெச்சாங்க" என்றான் அவன்.

"அவங்க வீட்டுக் காசா? அரசாங்கப் பணம்தானே மாப்ளே."

அந்த வாக்கியம் அவனுக்குத் தேவையாக இருந்தது. பாதிதான் உண்மை என்று தெரிந்தும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனான். முதலாளியம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உனக்கே போன் பண்ணணும்னு இருந்தேம்பா. பள்ளிக்கூடச் சமையற்கூடங்களோட குளிர் அறை எல்லாத்தையும் பராமரிக்க நம்மளைத்தான் கூப்பிட்டிருக்காங்க. சான்றிதழ் உள்ள ஆள் இருக்கானான்னுதான் முதல்ல கேட்டாங்க. இருக்கான்னு சொன்னேன்."

அவன் வாயைத் திறந்தான். "ஃபேன் சத்தம் போடுது" என்றான். ஸ்டூலைப் போட்டு ஏறி, மின்விசிறியின் திருகாணிகளை முறுக்கிவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று போனில் செய்தி அனுப்பினான். அடுத்த நாளும் அதையே. மூன்றாவது செய்தியில்தான், வேறு வேலை கிடைத்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதினான். முதலாளியம்மா படித்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. நெட்டை இரண்டு தடவை கூப்பிட்டார். மணி அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

புது வீட்டில் சுவர்கள் காய்ந்திருந்தன. மகளின் இருமல் மெல்ல விட்டது. அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். ஆனாலும் பழைய கடைத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டான். கம்பெனி வண்டி அந்தப் பக்கம் திரும்பினால், டிரைவரிடம் சுற்று வழியில் போகச் சொல்வான். "அங்க டிராஃபிக்" என்பான். ஒரு மாடுகூடக் குறுக்கே வராத தெரு அது.

ஒரு நாள் மனைவி கடைவீதியிலிருந்து முகம் வாடித் திரும்பினாள். "உங்க பழைய முதலாளியம்மாவைப் பார்த்தேன். பாப்பாவுக்கு இருமல் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. வேற எதுவும் கேக்கல." பையை இறக்கி வைத்துவிட்டு, "நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

பள்ளிக்கூட வேலை அந்தக் கடையின் கையைவிட்டுப் போனது அவனுக்குத் தெரியவந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? அதை எடுத்துக்கொண்டதே அவனுடைய கம்பெனிதான். அந்தச் சமையற்கூடங்களுக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். போனான்; வேலையைச் சுத்தமாகச் செய்தான். அங்கே நீட்டிய டீயை மட்டும் ஒருநாளும் வாங்கிக் குடிக்கவில்லை.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், தடுப்பூசி வைக்கும் கிடங்கில் குளிர் அறை நின்றுபோய்விட்டது என்று கம்பெனிக்கு அவசர அழைப்பு வந்தது. அவன் ஓடினான். அறை வாசலில் நெட்டை நின்றுகொண்டிருந்தார். முதலில் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார். ஆனால் உள்ளே இருந்தது புதுவகை கேஸ். சான்றிதழ் இல்லாமல் கைவைக்கக் கூடாது. கிடங்கின் பொறுப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவர் சொல்ற இடத்துலதான் கோளாறா?" என்று அமுக்குணியிடம் கேட்டார்.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். தலை நிமிரவில்லை.

நெட்டை போய்விடுவார் என்று நினைத்தான். அவர் போகவில்லை. பழைய நாட்களைப் போலவே எதிரில் குந்தி உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டார். வேலை பாதி ஆனபோது, வானிலையைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்: "அம்மா மறுபடியும் மானியம் கேட்டிருக்காங்க. இந்தத் தடவை எனக்கு."

"ம்."

"ஆபீசர் கடைக்கே வந்துட்டாரு. முன்னாடி படிக்கப் போன ஆள் எங்கேன்னு கேட்டாரு. அவன் பெரிய இடத்துல நல்லா இருக்கான், அரசாங்கப் பணம் வீணாகலைன்னு அம்மா சொன்னாங்க. அப்ப உங்களுக்கு நஷ்டம் இல்லையான்னாரு. நஷ்டம்தான், ஆனா அதை நீங்க எழுத வேண்டாம்னுட்டாங்க."

அவன் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. குனிந்து எடுத்தான். எடுத்த பிறகும் நிமிர மனம் வரவில்லை.

"மானியம் கிடைச்சுடுச்சு" என்று நெட்டை தொடர்ந்தார். "எனக்குத்தான் பயமா இருக்கு. அழுத்தம் இவ்வளவுன்னா சூடு இவ்வளவுன்னு ஒரு அட்டவணை இருக்காமே. இந்த வயசுல அதைப் பாத்து முழிச்சிட்டு உக்காந்தா சின்னப் பசங்க சிரிப்பாங்க. நீ கொஞ்சம் சொல்லித் தர்றியா?"

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தான். இல்லை. நிஜமாகவே கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று முதல் வேலை முடிந்து நெட்டையின் வீட்டுக்குப் போனான். சமையலறை மேஜையில் இருவரும் உட்காருவார்கள். நெட்டையின் மனைவி டம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைப்பாள். தன் புருஷனின் முதுகு எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியும். நெட்டை, தான் நினைத்த அளவுக்கு மக்கு இல்லை. எண்களைக் கண்டால்தான் மிரண்டார். அதே எண்ணை ஒரு மெஷினின் கதையாகச் சொன்னால் டக்கென்று பிடித்துக்கொண்டார். ஆனால் மேஜையிலேயே எல்லாவற்றையும் கற்றுவிட முடியாது. அழுத்தமானியை மாட்டிப் பார்க்க ஓடுகிற மெஷின் வேண்டும். அது கடையில்தான் இருந்தது.

"அம்மாகிட்ட கேட்டுட்டேன். வரட்டும்னாங்க" என்றார் நெட்டை.

தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனான். முதலாளியம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து நிமிர்ந்தார்.

"வாங்க" என்றார். "உட்காருங்க."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அவனுக்கு அந்த மரியாதை வந்ததே இல்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட உள்ளே நுழைந்துவிட்டதாக இருந்திருக்கும். இந்த "வாங்க" அவனை வெளியிலிருந்து வந்த ஆளாக நிறுத்திவிட்டது.

"நான் நேர்ல வந்து சொல்லியிருக்கணும்மா" என்றான்.

பரவாயில்லை என்று சொல்வார் என அவன் மனசின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அவர் சொல்லவில்லை.

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றார். "போகாதேன்னு சொல்லியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடக்காரங்ககிட்ட ஆள் இருக்கான்னு வாக்குக் கொடுக்காம இருந்திருப்பேன். அவ்வளவுதான்." பிறகு உள்ளே கையைக் காட்டினார். "மெஷின் அங்க இருக்கு. பார்த்துக்குங்க."

நெட்டை பயிற்சிக்குக் கிளம்பும் முன், மானிய ஆபீசில் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். படிப்பு முடிந்து இத்தனை வருடம் அதே கடையிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று. "இப்பல்லாம் எல்லார்கிட்டயும் வாங்குறாங்களாம்" என்று நெட்டை அவனிடம் சொன்னார். பொய் சொல்லும்போது அவருக்குக் காது மடல் சிவக்கும். சிவந்தது. இருபது வருடமாக அந்தக் கடையைவிட்டு வேறெங்கும் போக நினைக்காத மனிதர், யாரோ ஓடியதற்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாரம் முழுவதும் சாப்பாடு அவனுக்கு ருசிக்கவில்லை.

நெட்டை இல்லாத வாரங்களில் கடையில் மெக்கானிக்கே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தானாகப் போய் நின்றான். கேட்காமலே வேலையை எடுத்துச் செய்தான். மாடிகளுக்குக் கம்ப்ரஸர்களைத் தோளில் சுமந்தான். சாயங்காலம் முதலாளியம்மா கூலியை நீட்டினார்.

"வேண்டாம்மா."

"அப்ப அடுத்த வாரம் வராதீங்க."

"இல்லம்மா, நான் வந்து..."

"எதுக்கு வர்றீங்கன்னு தெரியும். என் கடையில சும்மா வேலை பார்த்துட்டு, வீட்டுக்கு நிம்மதியாப் போகலாம்னு பார்க்காதீங்க. வேலைக்குக் கூலி. வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டான். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. வேலை கொடுப்பார், டீ கொடுப்பார், கூலி கொடுப்பார். மகளைப் பற்றி விசாரிப்பார். எல்லாமே "ங்க" போட்டுத்தான்.

நெட்டை தேறிவிட்டார். முதலாவதாக எல்லாம் இல்லை; நடுவில் எங்கேயோ. விடுதியிலிருந்தே போன் செய்து, "அட்டவணைக் கேள்வி ரெண்டு வந்துச்சுடா, ரெண்டும் சரி" என்று கத்தினார். பக்கத்தில் யாரோ சின்னப் பையன்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடச் சேர்ந்து நெட்டையும் சிரித்தார். ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அந்தத் தடுப்பூசிக் கிடங்கின் பராமரிப்பு வேலை பழைய கடைக்குக் கிடைத்தது. பள்ளிக்கூட வேலை திரும்பி வரவில்லை. அது கம்பெனியிடமே இருந்தது. அங்கே போவதும் அவன்தான்.

நெட்டை வந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு அவன் தேவைப்படவில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

"இனிமே ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இருப்பேன்" என்றான்.

அந்தப் படியேறி அந்த "வாங்க"வை இனிக் கேட்க வேண்டியதில்லை என்று மனசு லேசானது. லேசானதை உணர்ந்த அதே நொடியில் முகம் சூடாகியது. மகளைக் கூப்பிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, காரணமில்லாமல் அவளோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தான்.