தொட்டிக்குள் நானே ஊற்றியது

மழை பிடித்துவிட்டால் இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிடும். அந்த நாட்களில் என் கணவர் கொடகவெலப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில் இறங்குவார். ஒருமுறை குழிச்சுவர் சரிந்து இடுப்புவரை புதைந்தவரை மற்றவர்கள் கயிற்றில் இழுத்தெடுத்தார்கள். மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, வாசலில் சேறாய் வந்து நின்றவர் யாரென்றே முதலில் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கெளுத்தி மீன் வளர்த்து விற்கும் யோசனை வந்தது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர், விரல்நகம் நீளக் குஞ்சுகளைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து தந்தார். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த பழைய சிமெந்துத் தொட்டியில் விட்டோம்.

"இதுங்க பொழச்சு வளந்துருச்சுன்னா நான் இனிக் குழிக்கு எறங்க மாட்டேன்," என்றார் கணவர். "பாத்துக்குவியா?"

"பாத்துக்கிறேங்க."

கடைத் தீனியே வேண்டாம், தேங்கிய தண்ணீரில் ஊசிமுனை அளவு நீர்ப்பூச்சிகள் இருக்கும், அதைப் போட்டால் குஞ்சுகள் மளமளவென்று வளரும் என்று சிநேகிதர் சொல்லியிருந்தார். எங்கள் சரிவுக்குக் கீழே, யாரோ கைவிட்ட மாணிக்கக் குழி ஒன்று மழைநீர் நிரம்பிப் பாசி பிடித்துக் கிடந்தது. அந்தத் தண்ணீரை மகளின் வெள்ளைத் துணியில் வடித்தால் துணி முழுக்கப் பூச்சிகள் துள்ளும். அப்படியே தொட்டிக்குள் உதறுவேன்.

"அனே! புள்ளைக்குக் கட்டுற துணியிலயா பூச்சி புடிக்கிற?" என்று மாமியார் தலையில் கை வைத்தார். "படிச்ச மருமக வேணும்னு நாந்தானே கேட்டேன். எனக்கு நல்லா வேணும்."

"தனியா அவிச்சுத் தொவைக்கிறேன் அத்தை."

"அவிச்ச தண்ணிய கீழ ஊத்திராத. ரசம் வைக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் நிம்மதி வரவில்லை. போட்டது போதுமா, கூடிவிட்டதா, தண்ணீர் நாறுகிறதா என்று மகள் தூங்கும் நேரமெல்லாம் தொட்டியடியில் நின்றேன். குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. ஒன்றும் செத்து மிதக்கவில்லை. கொக்காக இருக்கும் என்று பழைய சேலையால் மூடினேன். பசியில் சாகின்றனவோ என்று இன்னும் அதிகமாக வடித்து ஊற்றினேன். இன்னும் குறைந்தன.

ஒரு மத்தியானம் சேலையை விலக்கிப் பார்த்தேன். அடியில் காய்ந்த இலை நிறத்தில், ஆறு கால்களோடு ஒரு பூச்சி அசையாமல் கிடந்தது. மீசையால் தரையைத் தடவிக்கொண்டு ஒரு குஞ்சு அதன் பக்கம் வந்தது. பூச்சியின் முகத்துக்கடியில் மடிந்திருந்த ஏதோ ஒன்று கை மாதிரி நீண்டு பாய்ந்து, குஞ்சின் வயிற்றைக் கவ்வி வாய்க்கு இழுத்தது. தின்னத் தொடங்கிய பிறகும் குஞ்சின் வால் ஆடிக்கொண்டிருந்தது.

நான் அலறிவிட்டேன். மாமியார் ஓடிவந்தார்.

"புள்ளைக்கு என்னாச்சு?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல... அங்க பாருங்க."

பார்த்தவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இது எப்பிடி உள்ள வந்துச்சு?"

குழித் தண்ணீர் வடித்த ஈரத்துணி என் கையில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தும்பியின் வாழ்க்கைப் பருவங்களை வரைந்து, நிறம் தீட்டி, பெயர் குறித்தவள் நான். நீருக்குள் வாழும் அந்தப் பருவம் இதே மாதிரிதான் இருந்தது. படத்தில் அது எதையும் தின்னவில்லை.

தொட்டியை இறைத்தோம். அடிப்பாசியில் இன்னும் பல கிடந்தன. பாதிக்கும் குறைவாக மிஞ்சிய குஞ்சுகளை மகளைக் குளிப்பாட்டும் பேசினில் விட்டோம்.

சாயங்காலம் கணவர் வந்து பேசினருகே குந்தினார். நடந்ததைச் சொன்னேன்.

"தும்பியா? புள்ள பாத்துப் பாத்துச் சிரிக்குமே, அந்தத் தும்பியா?"

"அதோட குஞ்சுங்க."

அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

"குழிக்கா போறீங்க?"

"மிச்சம் உசுரோடதானே இருக்கு? மாட்டுப்பட்டிக்குப் போறேன், மண்புழு தோண்ட."

அவர் கொண்டுவந்த புழுக்களைப் பலகையில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கினேன். புழுவுக்குக் கால் இல்லை என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு துண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினில் போட்டேன். மகளை அன்று வாளியில் குளிப்பாட்டினோம்.