கருப்பட்டி வெளுத்த கதை

"உண்மையச் சொல்லுடா... அது செத்துப்போச்சா? வேற ஒண்ணு வாங்கி வெச்சிருக்கியா?"

போன மாதம் மண்டபத்தூரில், நண்பன் அருளின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது.

கருப்பட்டியை உங்களில் சிலருக்குத் தெரியும். என் ஆக்ஸலாட்டல். மெக்சிகோ பிராணி. பல்லி மாதிரி உடம்பு, தலையின் இருபுறமும் இறகு போல செவுள், எப்போதும் சிரிக்கிற வாய் — ஆயுசு முழுக்கத் தண்ணீரில்தான். நல்ல கறுப்பு. அதனால்தான் அந்தப் பெயர்.

எனக்குப் புதுச்சேரியில் மூன்று வாரப் பயிற்சி. வெளியே சித்திரை வெயில். தண்ணீர் சூடானால் கருப்பட்டி தாங்காது. எனக்குத் தெரிந்து ஐஸுக்குப் பஞ்சமே இல்லாத வீடு எது? மீன் வியாபாரம் செய்யும் அருளின் வீடுதான். ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால்... பால் அதிகமாகிப்போன டீ நிறத்தில் என்னவோ ஒன்று படுத்திருக்கிறது!

என் கேள்விக்கு அருள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"நீதான காட்டுன, கோணல் விரலு? அது இருக்கான்னு பாத்துட்டுப் பேசு."

குட்டியாக இருந்தபோது கடிபட்டு, திரும்ப முளைத்த விரல் அது. குனிந்து பார்த்தேன். இருந்தது. என் கருப்பட்டியேதான்.

அப்படியானால் நோயா? செவுள் சிவப்பாகவே இருந்தது. மண்புழுவைக் காட்டியதும் லபக்கென்று விழுங்கியது. ஆக்ஸலாட்டல் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டேன். வந்தது ஒரே கேள்வி — "எந்தக் கலர் பெட்டியில வெச்சிருந்தீங்க?"

வெள்ளை தெர்மாகோல் மீன் பெட்டி! சூடு ஏறக் கூடாது என்று அருள் பார்த்துப் பார்த்து எடுத்தது. தினமும் மூன்று முறை ஐஸ் பாட்டில் வேறு மாற்றியிருக்கிறான். இந்தக் கறுப்பு வகை, சுற்றிலும் வெளுப்பாக இருந்தால் தானும் கொஞ்சம் வெளுத்துக்கொள்ளுமாம். என் தொட்டியில் இருப்பதோ கறுப்பு மணல்.

நிறம் மாறினால் முதலில் பிராணியைப் பார்க்க வேண்டும். அப்புறம் தொட்டியை. நான் நண்பனைச் சந்தேகமாகப் பார்த்தேன்.

இந்த வாரம் பழைய கறுப்பு திரும்பிவிட்டது. போட்டோவை எடுத்துக்கொண்டு மண்டபத்தூருக்கு ஓடினேன். அருள் போனை வாங்கி, பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தான்.

"எங்கிட்ட இருந்தது வெளுப்பால்ல இருந்துச்சு? உண்மையச் சொல்லுடா... அத எங்க வித்த?"

நான் கோணல் விரலைக் காட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.