காம்பின் ஈரம்

அவள் கடையில் வாளி கிடையாது. அரங்கள் தொங்கும் சுவர் உண்டு. மேசை ஓரத்தில் திருகி வைத்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், மூன்று தினுசுச் சாணைக்கல், மரச்சுத்தியல், எண்ணெய்த் துணிகள் போட்டு வைக்கும் தகர டப்பா, உட்கார ஒரு முக்காலி எல்லாம் உண்டு. தண்ணீர் மட்டும் ஒரு தம்ளரில்தான் இருக்கும். அதுவும் குடிப்பதற்கு.

பக்கத்துக் கடைத் தையல்காரர் அதை வைத்தே அவளைச் சீண்டுவார்.

“ஏம்மா, உங்க கடை தீப்பிடிச்சா எதை ஊத்தி அணைப்பீங்க? எண்ணெயையா?”

“நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே. பேசியே அணைச்சிடுவீங்க,” என்பாள், தலை நிமிராமல். அன்றைக்கு அவள் பேச வேண்டிய பேச்சில் பாதி அதிலேயே தீர்ந்துபோகும்.

அவளிடம் வருகிற கருவிகளில் பாதி கோடாலிதான். எது வந்தாலும் முதலில் காம்பைப் பிடித்து, இரும்புத் தலை ஆடுகிறதா என்று அதைக் காதருகே கொண்டுபோய் இரண்டு தரம் உலுக்குவாள். அதனால் தெருவில் அவளுக்கு ‘உலுக்கி’ என்று பெயர் விழுந்துவிட்டது. காதுபடவே சொல்வார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் காதுக்குள் ஒரு ‘டக்’ இருக்கிறது. இறுகிக் கிடக்கும் கோடாலியிலும் அது கேட்கும். சத்தம் இரும்பில் இருக்கிறதா, தனக்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டாவது உலுக்கு.

ஒரு வெயில் காலையில் கொழுந்தனாரின் மகள் வந்து நின்றாள். தோளில் மூன்று மாதக் குழந்தை, கையில் சாக்குப் பை.

“பெரியம்மா, இதைப் பிடிங்க. கை இத்துப் போச்சு.”

“எதை? பையையா, பிள்ளையையா?”

“ரெண்டும் ஒரே கனம்தான். முதல்ல பையை வாங்குங்க.”

பைக்குள் ஒரு கோடாலித் தலை. விறகு பிளக்கிற பெரிய கோடாலி. கன்னங்கள் புடைத்து, பின்பக்கம் சுத்தியலடி வாங்கி மடல் மடலாக விரிந்திருந்தது. துரு செதில் செதிலாக நின்றது. அதன் காம்பு தனியே சணல் கயிற்றில் கட்டியிருந்தது. அவள் அதைக் காதருகே கொண்டுபோகவில்லை. பார்த்ததுமே எந்தக் கோடாலி என்று தெரிந்துவிட்டது.

“பேக்கரி விறகுக் கொட்டகையை இடிச்சாங்களாம். பலகைக்குப் பின்னால கிடந்துச்சுன்னு அப்பாவைக் கூப்பிட்டுக் குடுத்துட்டாங்க,” என்றாள் மகள். “அன்னையிலேர்ந்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். இந்த இரும்பைத் தூக்குறார், பேரனைத் தூக்க மாட்டேங்குறார்.”

“தூக்க மாட்டேங்குறாரா?”

“ஒரு தரம்கூடத் தூக்கலை. ‘என் கை விட்டுடும்மா’ங்கிறார். குழந்தை அழுது தொண்டை வத்தினாலும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். அம்மா திட்டிப் பாத்துட்டாங்க, நான் அழுது பாத்துட்டேன். இதைச் சரி பண்ணி ஒரு கட்டையைப் பிளந்து பாக்கணும், கை நிக்குதான்னு தெரியணும்னார். உங்ககிட்டதான் குடுக்கணுமாம்.”

அவள் காம்பைத் திருப்பினாள். வண்டு துளைத்த மரம். “இது உதவாது. புதுக் காம்புதான் போடணும்.”

“போடுங்க. ஆனா பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு சொல்லச் சொன்னார்.”

அவள் கை நின்றுபோனது. “எதுக்காம்?”

“யாருக்குத் தெரியும்? அவர் பேசுறதே உங்களை மாதிரிதான், எண்ணி எண்ணி.”

மகள் போன பிறகு காம்பை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தலை மாட்டும் முனையிலிருந்து ஒரு சாண் கீழே, மரத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். தெரியாதவர் கண்ணுக்கு வெறும் அழுக்கு. அவளுக்கு அது ஒரு வாளியில் தண்ணீர் நின்ற மட்டம்.

அப்போது எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பேக்கரிப் பின்முற்றத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் வேலை. கொழுந்தனார் பிளப்பார், அவள் வீட்டுக்காரர் அள்ளி அடுக்குவார். ஒரு சாயங்காலம் கொழுந்தனார் கோடாலியைக் கதவோரம் சாத்திவிட்டு, “தலை லேசா ஆடுது அண்ணி, நாளைக்கு ஒரு ஆப்பு செதுக்கி அடிக்கணும்,” என்றார்.

அவள் பிறந்த வீட்டில் ஆடுகிற கோடாலியை வாளித் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைப்பார்கள். மரம் ஊறிப் பருத்து இரும்பைக் கவ்விக்கொள்ளும். வீட்டு அடுப்புக்கு நாலு கட்டை பிளந்ததும் மறுபடி மூலையில் போட்டுவிடுவார்கள். அதற்கு அது போதும். பேக்கரி விறகோ விடிந்ததிலிருந்து மதியம் வரை பிளப்பது, அதுவும் அடுப்பின் அனலும் வெயிலும் ஒன்றாக அடிக்கிற இடத்தில். ஊறிய மரம் காயும்போது முன்னைவிட இளைத்துவிடும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வாளியில் போட்டாள். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எடுத்துத் துடைத்து, அதே கதவோரம் சாத்தினாள். செய்ததைச் சொல்லக் கூச்சம். கொழுந்தனார் காதருகே வைத்து உலுக்கினார். சத்தமில்லை. தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலை கழன்று பறந்தது. குனிந்து விறகு அள்ளிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரரின் நெற்றிப்பொட்டில் பட்டது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

ஆடுகிற கோடாலியைப் பார்க்காமல் தூக்கியவன் என்று கொழுந்தனாரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். மாமியார் கண்ணை மூடும்வரை இளைய மகன் முகத்தில் விழிக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய், ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் கோடாலி பிடித்து வேலை செய்ததில்லை.

அவளுக்கு முதலில் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து, அரிவாள் தீட்டக் கொடுத்த பட்டறையில், கோடாலித் தலை எதனால் கழன்று போகும் என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். கொல்லர் சிரித்தார். “எவனாவது புத்திசாலி தண்ணியில ஊறப் போட்டிருப்பான்.” அவளும் கூடச் சிரித்தாள். சிரித்துவிட்டு, இங்கே எனக்கு ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டாள். பிறகு அரம் பிடித்தாள், சாணை பிடித்தாள், காம்பு மாட்டினாள், தனிக் கடை போட்டாள். பன்னிரண்டு தெருவுக்கு அவள் மாட்டிய காம்பில் ஒன்றும் கழன்றதில்லை. உண்மையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு, இத்தனை நாள் சொல்லாததை எப்படிச் சொல்வது என்ற பயம்.

கோடாலித் தலையை ஒரு நாள் முழுக்க வினிகரில் போட்டாள். மறுநாள் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது துரு சேறுபோல வழிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் நல்ல இரும்பு தெரிந்தது. விரிந்த மடல்களை அராவி எடுத்தாள். அடிக்கும்போது அதில் ஒரு துணுக்கு தெறித்தாலே கண் போய்விடும். வெட்டுவாயில் மூன்று இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. மெஷின் சாணையில் பிடித்தால் சூடேறி இரும்பு நீலம் பாய்ந்து மெத்துப்போகும் என்று கையாலேயே அராவினாள். விறகுக் கோடாலிக்குக் கத்திபோல மெல்லிய வாய் ஆகாது. கட்டையில் இறங்கி அப்படியே சிக்கிக்கொள்ளும். கன்னம் சேர்ந்து மரத்தைத் தள்ள வேண்டும். அதனால் கொஞ்சம் தடிப்பாகவே விட்டாள்.

இத்தனையும் செய்கிற நேரமெல்லாம் பழைய காம்பு மேசைக்கு அடியில் கிடந்தது. வேறு வேலையாகக் குனிகிறபோது கை அதில் பட்டால் சில்லென்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் காய்ந்த மரம்தான். மூன்றாம் நாள் தையல்காரர் குப்பையைக் கூட்டிக் கொளுத்தினார்.

“உலுக்கியம்மா, உங்க பக்கம் எரிக்க ஏதாவது இருந்தா போடுங்க. நெருப்பு நல்லா பிடிச்சிருக்கு.”

அவள் காம்பை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். இரண்டு நிமிஷ வேலை. வளையமும் போய்விடும், வாளியும் போய்விடும். உள்ளேயிருந்து ‘டக்’ என்று கேட்டது. திரும்பினாள். கோடாலித் தலை வைஸில் இறுகிக் கிடந்தது. அது ஆட வழியே இல்லை.

“என்னம்மா, போடலையா?”

“இது என்னோடது இல்லண்ணா. வாங்க வருவாங்க,” என்று உள்ளே கொண்டுவந்துவிட்டாள்.

புதுக் காம்புக்கு இரண்டு வருஷம் காய்ந்த மரமாகப் பொறுக்கினாள். நார் நேராக ஓடுகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்துச் செதுக்கினாள். தலையை மாட்டித் தலைகீழாகப் பிடித்து, காம்பின் அடிப்பக்கத்தை மரச்சுத்தியலால் தட்டத் தட்ட, இரும்பு தானாக மேலேறிப் போய் இறுகியது. காம்பின் மேல்முனைப் பிளவில் ஆப்பை அடித்து, நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து, ஆளிவிதை எண்ணெயைப் பூசினாள். மரம் குடிக்கக் குடிக்க மூன்று நாள் பூசிக்கொண்டே இருந்தாள்.

வாங்கிப்போகக் கொழுந்தனாரே வந்தார். மகள் குழந்தையோடு வாசலிலேயே நின்றுகொண்டாள். அவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. கைகளை மார்போடு கட்டியபடியே உள்ளே வந்தார்.

“நல்லா இருக்கீங்களா அண்ணி?”

“இருக்கேன் தம்பி.”

கோடாலியை எடுத்துக் காதருகே வைத்து உலுக்கினார். சத்தமில்லை. பின்பக்கத்து வெட்டவெளியில் ஒரு கட்டையை நிறுத்தி வைத்திருந்தாள். அவர் அங்கே போகவில்லை.

“பழைய காம்பு?”

மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் வளையத்தின் மேல் வந்து நின்றது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“நான்தான் தம்பி. வாளியில போட்டது நான். இறுகட்டும்னு போட்டேன். காலைல தொடச்சு வச்சிட்டேன்.”

அவர் நிமிரவில்லை. பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது.

“நீங்களா?” என்றார். “அண்ணன்னு நினைச்சேனே.”

“உங்களுக்கு...”

“ஈரம் கையில பட்டுச்சு அண்ணி. காலைல பிடிச்சதுமே பட்டுச்சு. ஊறப் போட்டிருக்குன்னு தெரியும். அன்னைக்கு லோடு நிறைய. மதியத்துக்கு மேல ஆப்பு அடிச்சுக்கலாம்னு தூக்கிட்டேன்.” “அண்ணன்தான் போட்டுட்டான்னு நினைச்சேன். தன் கையாலயே செத்தான்னு அம்மா காதுல விழ வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“நான் பயத்துல மூடிக்கிட்டேன் தம்பி. வேற ஒண்ணும் இல்ல.”

“இத்தனை வருஷமும் அவனைத் திட்டியிருக்கேன் அண்ணி. மனசுக்குள்ள. முட்டாப்பயலே, ஏண்டா தண்ணியில போட்டேன்னு, தினமும்.” அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. “நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செத்தவனையாவது விட்டிருப்பேனே!”

அவர் காம்பை மேசையில் வீசிவிட்டு வாசலுக்குப் போனார். போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். மகள் ஏதோ கேட்டாள். தெருவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, அவளைப் பார்க்காமல், புதுக் கோடாலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

ஒரே அடி. கட்டை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சாய்ந்தது. தலை காம்பிலேயே நின்றது. அவர் மறுபடி அதைக் காதருகே வைத்து உலுக்கினார். அவளுக்குத் தெளிவாகக் கேட்டது, டக். அவர் முகமும் மாறியது.

“உங்களுக்கும் கேக்குதா?” என்றாள்.

“அன்னையிலேர்ந்து.”

அவள் கையை நீட்டித் தலையை அசைத்துப் பார்த்தாள். மலைபோல அசையாமல் இருந்தது. அவரும் அசைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதன் மேல் கை வைத்தபடியே நின்றார்கள்.

அவர் கோடாலியைச் சுவரோரம் சாத்தினார். கைகளை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

“உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு அண்ணி. இருக்கும். சீக்கிரம் போகாது.”

“இருக்கட்டும் தம்பி.”

“ஆனா இப்ப என்கூட வாங்க. பேரனை நான் தூக்குறப்போ நீங்க அடியில கை குடுத்துக்கங்க. தனியா என்னால ஆகாது.”

வாசலில் அவர் கைகளை விரித்ததும் மகள் குழந்தையை நீட்டினாள். அவர் கைகள் மெல்லப் போய் வாங்கின. அவற்றுக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்குப் போகாத தன் கைகளைக் கொண்டுபோய் அவள் தாங்கிக்கொண்டாள். குழந்தை தாத்தாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. சற்றுப் பொறுத்து அவள் கைகளில் ஈரம் பட்டது.

“ஐயோ பெரியம்மா, நனைச்சிட்டான்!” என்று மகள் துணியோடு ஓடி வந்தாள்.

“இருக்கட்டும்,” என்றார்கள் இரண்டு பேரும். கையை யாரும் எடுக்கவில்லை.