கைபேசியில் முதல் போணி

சைராகுலுக்கு வாய் நீளம் என்று ஓஷ் நகரத்துப் பஜாரில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. பெண்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் அங்கிகளைத் தைத்து விற்றவள் அவள். ஒன்று வாங்க வந்தவளிடம் பேசிப் பேசியே இரண்டைத் தலையில் கட்டி, "போய் உன் நாத்தனாரையும் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவைக்கிற சாமர்த்தியக்காரி. ஆனால் காலையில் முதல் போணி விஷயத்தில் மட்டும் அவள் பரம சாது. முதல் ஆள் அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் கொஞ்ச நேரம் பிகு பண்ணுவாள், கடைசியில் கொடுத்துவிடுவாள். வாங்கிய சோம் நோட்டால் துணி அடுக்கை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் மற்ற வியாபாரம். அந்தப் பஜாரில் எல்லோரும் அப்படித்தான். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்புகிறவன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவளுக்கே கடை போயிற்று. இலையுதிர்காலத்தில், அவள் கடை இருந்த ஆற்றோரத்து இரும்புக் கன்டெய்னர் கடைகளை வரிசையாக அகற்றினார்கள். வேறு இடம் கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது, இவளுக்குக் கிடைக்கவில்லை. மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்த அவள் கணவன் தாலந்த்பெக் அன்றைக்கே போன் செய்தான்.

"இங்க வந்துடு. தையல் பட்டறையில ஆள் கேக்கறாங்க. பெகிமாயை எங்க அக்கா பாத்துக்குவா."

பெகிமாய் அவர்கள் மகள், அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அம்மாவைப் போன் திரையில்தான் பார்க்கின்றன. அம்மா அங்கிருந்து முத்தம் கொடுப்பாள், இவர்கள் இங்கே கண்ணாடியைத் துடைப்பார்கள். பெகிமாயையும் அப்படி விட சைராகுலுக்கு மனம் வரவில்லை.

"மார்ச்சுல நோரூஸ் பண்டிகை வரும், அது வரைக்கும் பொறுங்க. போன்லயே கடை போட்டுப் பாக்கறேன். ஓடலைன்னா வந்துடறேன்."

"போன்ல கடையா?" என்று அவன் சிரித்தான். கூட இருந்த கூலிக்காரர்களும் சிரித்தது இவள் காதில் விழுந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தாலந்த்பெக்கின் தங்கை பெரிஸாத் அழகு நிலையத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறவள். இன்ஸ்டாகிராம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே சாயங்காலத்தில் அண்ணிக்குப் பக்கம் திறந்து கொடுத்தாள். அங்கிகளைச் சுவரில் மாட்டிப் படம் எடுத்து, ஊரே எழுதுகிற மாதிரி "விலை தனிச் செய்தியில்" என்று எழுதிப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பேருக்குப் பிடித்திருந்தது. ஒன்று பெரிஸாத், இன்னொன்று அவளோடு வேலை செய்கிறவள்.

"சுவத்துல தொங்கறதை யாருடி வாங்குவா? நகரு" என்று சைராகுல் ஒரு பூப்போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் வந்து நின்றாள். அங்கிப் பையில் இரண்டு நான் ரொட்டிகளை மடித்துப் போட்டாள். கத்திரிக்கோல், நாலு உருளைக்கிழங்கு, தேநீர்ப் பொட்டலம் எல்லாம் உள்ளே போயின. "பாத்தீங்களா? இன்னும் இடம் இருக்கு. மாமியார் திட்டறதையும் வாங்கி இதுலயே போட்டுக்கலாம்."

அவ்வளவுதான். தெற்கே உஸ்கெனிலிருந்து வடக்கே தலாஸ் வரைக்கும் மருமகள்கள் எல்லாரும் அந்தக் காணொளியை ஒருத்திக்கொருத்தி அனுப்பிக்கொண்டார்கள். மாமியார்களும் பார்த்தார்கள் என்று கேள்வி. தினமும் அங்கி கேட்டுச் செய்திகள் வர ஆரம்பித்தன. மூட்டை கட்டி, டாக்சி ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போய், பிஷ்கெக் போகிற வண்டிகளில் ஏற்றிவிட்டு வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இருந்தாலும் அந்த மாதம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பஜார் புத்தி மட்டும் போகவில்லை. காலையில் தேநீர் குடித்துவிட்டுப் போனைத் திறப்பாள். முதலில் தெரிகிற செய்திக்குக் கேட்ட விலையில் அங்கி. போனைக் கொண்டே துணி அடுக்கை ஒரு தட்டு தட்டுவாள். இது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. முதல் ஆளாக எழுதினால் அந்த அக்கா மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்று பேச்சு பரவ, பொழுது விடிவதற்குள் செய்திப் பெட்டி நிரம்பி வழிந்தது.

குளிர் குறையத் தொடங்கிய சமயத்தில் வந்தது வினை. அவள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பாத்கென் ஊர்ப் பெண் ஒருத்தி எல்லாரும் பார்க்க எழுதினாள்: "போணி விலை இவ சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான். நான் மொத ஆளா எழுதியும் குடுக்கல." அதன் கீழே எனக்கும், எனக்கும் என்று கும்பல் சேர்ந்துவிட்டது. ஒருத்தி ஏமாற்றுக்காரி என்றே எழுதிவிட்டாள். அதைப் படித்து சைராகுல் குமுறிக் குமுறி அழுதாள்.

"யாரை ஏமாத்தினேன்? மொதல்ல இருக்கறவளுக்குத்தானே தினமும் குடுக்கறேன்."

பெரிஸாத் போனை வாங்கிப் பார்த்தாள். "அண்ணி, எதை மொதல்னு எடுக்கறீங்க?"

"மேல இருக்கறதைத்தான். பஜார்ல முன்னாடி நிக்கறவதானே மொதல்ல வந்தவ?"

"போச்சு போங்க. இதுல கடைசியா வந்ததுதான் மேல நிக்கும். மொதல்ல வந்தவ அடியில கெடப்பா."

சைராகுல் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் விடியலில் வந்தவளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, கடைசியாக வந்தவளுக்குப் போணி பண்ணியிருக்கிறாள். கடை எப்படி விளங்கும்? அந்த வாரம் மூட்டை கட்டவே வேலை இருக்கவில்லை. நோரூஸோ வாசலுக்கு வந்துவிட்டது. தாலந்த்பெக் போன் செய்து, "டிக்கெட் போடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். அவன் சிரித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அண்ணி, இந்தப் போணி கீணியெல்லாம் விட்டுத் தொலைங்க. எல்லாருக்கும் ஒரே விலைன்னு போட்டுடலாம்" என்றாள் பெரிஸாத்.

"போணி இல்லாம கடை தொறக்கறதா? உனக்கென்னடி, நகத்துக்குப் பெயின்ட் அடிக்கறவ." சற்று நேரம் பொருமிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "பஜார்ல யார் மொதல்ல வந்தான்னு பஜாரே பாக்கும். இங்க யாரும் பாக்கல, அதான் சண்டை. எல்லாரும் பாக்கற மாதிரி செய்யறதுக்கு வழி இருக்கா?"

இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நேரலை. அலமாரிக்கு முன்னால் போர்வையைத் தொங்கவிட்டு, சைராகுல் அதற்கு முன் நின்றாள். முதலில் பாத்கென்காரியிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "எனக்குப் போன் பாக்கத் தெரியல தாயி, மேல எது கீழ எதுன்னு தெரியாம உன்னை வாசல்லயே நிக்க வச்சுட்டேன். உனக்கு ஒரு அங்கி இன்னைக்கே வண்டி ஏறுது." அப்புறம் போர்வையை விலக்கினாள், கடை திறந்தது. திரையில் எந்தப் பெயர் முதலில் எழும்புகிறதோ அதைப் பெரிஸாத் பிடித்துச் சொல்வாள். அந்த ஆளோடு ஊரே பார்க்கப் பேரம். சைராகுலின் வக்கணையும் புலம்பலும், "இந்த விலைக்குப் பட்டன்தான் வரும், அங்கி வராது" என்கிற கேலியும், கடைசியில் தோற்றுப்போய்க் கொடுப்பதும் பெரிய வேடிக்கையாகிவிட்டது. பேரம் பார்க்க வந்தவர்கள் தேநீரோடு உட்கார்ந்து, சொன்ன விலைக்கு வாங்கிவிட்டே போனார்கள். தனிச் செய்தியில் விலை சொல்கிற வழக்கமே ஒழிந்தது. தைக்க இரண்டு பெண்களை வைத்தாள். "எல்லாம் இருக்கு, இந்த மூட்டையைத் தூக்கத்தான் ஒரு ஆம்பளை இல்ல" என்று ஒருநாள் நேரலையிலேயே புலம்பினாள்.

ஆனாலும் பண்டிகைக்கு முந்தின நாள் காலை அவள் அடுக்கிய அங்கிகளையே கலைத்துக் கலைத்து அடுக்கினாள். சொன்ன கெடு அதுதான். கடை ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும், அவன் ஒத்துக்கொள்ள வேண்டுமே. எட்டு மணிக்குப் போர்வையை விலக்கினாள். முதல் பெயர் எழும்பியது. பெரிஸாத் வாயைத் திறக்கவில்லை, போனை அண்ணி பக்கம் திருப்பிக் காட்டினாள்.

சைராகுலும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது, புருஷன் பெயரை அங்கே எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாஸ்கோவில் அப்போது விடியற்காலை ஐந்து மணி.

"பெகிமாயோட அப்பா வந்திருக்காரு" என்றாள். "சொல்லுங்க. எந்த அங்கி வேணும்?"

"அங்கி வேண்டாம்" என்று எழுத்து வந்தது. "மூட்டை தூக்க ஆள் வேணும்னு சொன்னியாமே. அந்த வேலை இருக்கா?"

சைராகுல் அதை இன்னொரு தடவை படித்தாள். அவனை முழுசாக மூன்று குளிர்காலம் அவள் பார்க்கவில்லை. டிக்கெட் இவளுக்கென்று நினைத்து நினைத்து மருகிக்கொண்டிருந்தாளே, அவன் ஊர் திரும்பத் தனக்குப் போடப் பார்க்கிறான். திரையில் பெண்களின் எழுத்து மளமளவென்று ஓடியது. "குடுத்துடு அக்கா. மொதல் போணி, இல்லைன்னு சொல்லாதே."

"கூலி என்ன கேக்கறீங்க?"

"மூணு வேளை சாப்பாடு."

"ரெண்டு வேளைதான் கட்டுப்படி ஆகும்" என்றாள் சைராகுல், கண்ணில் நீர் கொட்டக் கொட்ட. "அதுவும் காலைத் தேநீர் நீங்கதான் போடணும்."

"சரி, ரெண்டு வேளை."

"மூணும் தர்றேன். சீக்கிரம் வந்து சேருங்க."

பெரிஸாத் விசும்பினாள். திரை முழுக்க அழுகிற முகப் பொம்மைகளாக வந்து குவிந்தன, வாங்குகிற பேச்சையே காணோம். சைராகுல் அங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும், அழுதது. போணி ஆயிடுச்சு. பெரிய சைஸ்ல ஊதா நிறம் மூணு இருக்கு, யாருக்கு வேணும் சொல்லுங்க."