நாற்பத்தோராம் பக்கத்துக் கோல்காப்பாளர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பிழையைக் கண்டேன். மாலை நாலு மணிக்குப் புத்தகம் மெஷினில் ஏற வேண்டும். ஞாயிறு மத்தியானம் வெளியீடு. இடையில் இருந்த ஆறு மணி இருபது நிமிடத்தில் நடந்ததை அன்றைய குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறேன். எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் வாசித்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் இது வெளியே போகிறது.

1. புத்தகம்

பாரிசில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயணச்சீட்டுக் கடைக்குப் பின்னால், முற்றத்துக்குள் இருக்கிறது எங்கள் அச்சகம். கலியாண அட்டை, மரண அறிவித்தல், நாட்காட்டி, விழா மலர் எல்லாம் அடிக்கிறோம். முதலாளி அருளண்ணை. லேஅவுட்டும் புரூஃபும் என் பொறுப்பு. அப்போது எனக்கு அந்த வேலையில் பத்தொன்பதாவது வருடம்.

அந்த முறை எங்கள் ஆட்களின் விளையாட்டுச் சங்கத்திடமிருந்து வந்தது தொண்ணூற்றாறு பக்கப் புத்தகம். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக உதைபந்தாட்டம் ஆடி நாட்டு மட்டத்தில் கௌரவம் பெற்ற எங்கள் ஆட்களின் வரலாறு. வருடாந்தப் போட்டி முடிந்ததும், எல்லாப் பல்கலைக்கழக அணிகளிலிருந்தும் சிறந்த பதினொரு பேரைத் தெரிந்தெடுத்து அறிவிப்பார்கள். ஆரம்பத்தில் தட்டச்சில் அடித்த ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பிறகு அச்சடித்த சான்றிதழ் வந்தது. அதற்கும் பிறகு சின்னம் தைத்த பிளேசர். எங்கள் பக்கத்துப் பெடியள் அந்தப் பதினொன்றுக்குள் வருவது அருமை. யுத்த காலத்தில் அணி கொழும்புக்குப் போகவே முடியாத வருடங்களும் உண்டு. பட்டியலில் அந்த இடங்களில் ஒரு கோடு மட்டும் இருக்கும்.

இதையெல்லாம் தேடிச் சேர்த்தவர் குகன். லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் எழுதி, பழைய ஆட்டக்காரரிடம் சான்றிதழ்களின் படங்களை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எனக்கு ஒரு ஆதாரம் தந்தார். பட்டியலில் அவருடைய பெயரும் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பதினொருவரில் இடம்பிடித்த ஒரே கோல்காப்பாளர் அவர்தான். எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் 'கோல்கீப்பர் அண்ணை'.

2. படம்

குகனின் பெயர் தெரிவான வருடத்து அணியின் படம் வியாழன் பின்னேரம்தான் கனடாவிலிருந்து வந்தது. அனுப்பியவர் அந்த அணியில் இருந்தவர் அல்லர். ஒரு பழைய ஆல்பத்தில் கிடைத்தது என்று எழுதியிருந்தார். குகனுக்குக் காட்ட நேரம் இருக்கவில்லை. இரண்டு வரிசை. குகன் முன்பே தந்த விவரத்தை வைத்து நானே கீழே எழுதினேன்: 'நிற்பவர்களில் நடுவில், கோல்காப்பாளர் குகதாசன்.'

வெள்ளி காலை அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோல்காப்பாளர் மற்ற எல்லாரையும் விட அரைத்தலை உயரம். குகன் எங்கள் கவுண்டரில் வந்து நின்றால், கணினித் திரைக்கு மேலால் அவருடைய கண்ணும் நெற்றியும்தான் எனக்குத் தெரியும்.

படத்தில் இருந்தவரையும் நான் அறிவேன். பக்கத்துத் தெருவான ரூ காயில் நாங்கள் மத்தியானச் சாப்பாடு எடுக்கும் கடையில் கொத்து ரொட்டி போடும் றெஜி. அடுப்புக்கு மேலே உள்ள புகைக்கூண்டில் இடிபடாமல் இருக்க அவர் எப்போதும் கழுத்தைச் சரித்துக்கொண்டுதான் நிற்பார். படத்திலும் அதே சரிவு.

சந்தேகம் வந்தால் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். இது என் விதி. பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பத்துக்குக் கடைக்குப் போனேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். தாளைக் கண்ணாடி மேல் விரித்தேன்.

"றெஜி, இதிலை நடுவிலை நிக்கிறது நீங்கள்தானே?"

கொத்துத் தகடு இரண்டும் நின்றன.

"ஆரெண்டு தெரியேல்லை அக்கா. உங்களுக்கு என்ன சாப்பாடு?"

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "அட, றெஜியண்ணைதான்! உந்த ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து இந்தப் பாரிசிலை வேறை ஆருக்கு இருக்கு?"

இன்னொருவர் விடவில்லை. "கோல் உடுப்போடையெல்லோ நிக்கிறார்! அப்ப எங்கடை கோல்கீப்பர் அண்ணை எங்கை? பந்து பொறுக்கப் போட்டாரோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. றெஜி சிரிக்கவில்லை. என் சாப்பாட்டைக் கட்டித் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

3. ஒன்று பத்து

றெஜி ஏப்ரனைக் கழற்றாமலே அச்சகத்துக்கு வந்தார். கதவைத் தானே சாத்தினார்.

"அக்கா, அந்தப் படம் வரக்கூடாது."

"பொய்யான விவரம் போட ஏலாது றெஜி. நடுவிலை நிக்கிறது குகன் இல்லை."

"இல்லைத்தான். நான்தான். ஆனா அங்கை நான் குகன்."

பிறகு சொன்னார். யுத்த காலம்; குடாநாட்டை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் என்கிற பயண அனுமதி வேண்டும். அணியின் முதல் கோல்காப்பாளர் குகன்; அவருக்குப் பாஸ் வந்துவிட்டது. இரண்டாவது கோல்காப்பாளர் றெஜி; அவருக்கு வரவில்லை. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது குகனுக்கு நெருப்புக் காய்ச்சல். கோல்காப்பாளர் இல்லாமல் அணி போக முடியாது. 'குகன்ரை பாஸிலை நீ ஏறு' என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். சோதனைச் சாவடியில் பட்டியலைப் பார்த்துத் தலையை எண்ணினார்கள். றெஜி குகதாசனாக நான்கு ஆட்டம் ஆடினார். குகதாசனாகவே பதினொருவருக்குள் தெரிவானார். சான்றிதழ் குகனின் வீட்டுக்குப் போனது.

"சரி, இப்ப அதாலை என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

"என்ரை அகதிக் கேஸிலை அந்த மாசம் முழுக்க ஊரிலைதான் இருந்தனான் எண்டு கிடக்கு. கேஸ் எழுதினவர், 'கொழும்புக்குப் போய் வந்த கதையைச் சொன்னா ஆயிரம் கேள்வி வரும், அதை விடும்' எண்டார். நானும் கையெழுத்து வைச்சன். அக்கா, நசனலித்தேக்கு, இந்த நாட்டுக் குடியுரிமைக்கு, போட்டு இவ்வளவு காலம் காத்திருந்து, வாற செவ்வாய்க்கிழமைதான் பிரெபெக்தூர் கந்தோரிலை நேர்முகம். வேறை ஆளின்ரை பாஸிலை போனவன் எண்டு ஆராவது எழுதிப் போட்டா என்ரை கதை முடிஞ்சுது."

ஒரு தமிழ் மலரைப் பிரெபெக்தூரில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன் அந்தப் பக்கத்தை ஆறு பேர் முன்னால் விரித்தவள் நான். கேட்கவில்லை.

4. இரண்டு ஐந்து

குகன் வந்தார். கையில் ஒரு தாள். றெஜி உள்ளே இருப்பதைக் கண்டதும் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீ ஏன்டா இஞ்சை? ஞாயித்துக்கிழமை சொல்லலாம் எண்டிருந்தன்."

"என்னத்தைச் சொல்லப் போறாய்?"

குகன் தாளை என் மேசையில் வைத்தார். தலைப்பு: 'இந்தக் கௌரவம் என்னுடையதல்ல.' நாற்பத்தோராம் பக்கத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும். மேடையில் றெஜியைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டும். ஒருவருக்கும் சொல்லாமல் ஏற்பாடு செய்திருந்தார்.

"உனக்கென்ன விசரே?" றெஜியின் குரல் உயர்ந்தது. "நான் கேட்டனானே?"

"நீ கேக்கேல்லை மச்சான். எனக்கு ஏலாமக் கிடக்கு. இருவத்தைஞ்சு வருசமா ஊர் முழுக்க என்னைக் கோல்கீப்பர் எண்டுது. மகளின்ரை கலியாணத்திலை சம்பந்தி மைக்கைப் பிடிச்சு, நான் பெனால்ட்டி மறிச்ச கதை சொல்லுறார். நான் அண்டைக்குப் பாயிலை கஞ்சி குடிச்சுக்கொண்டு கிடந்தனான்!"

"செவ்வாய்க்கிழமை எனக்கு நேர்முகம்."

குகனுக்கு அது தெரியாது. றெஜி முழுவதையும் மறுபடி சொன்னார், இந்த முறை மெதுவாக. குகன் நாற்காலியில் இருந்துவிட்டார்.

இரண்டு நாற்பதுக்கு அருளண்ணை தொலைபேசியுடன் உள்ளே வந்தார். "குகன், உமக்குத்தான். சங்கத் தலைவர். சாப்பாட்டுக் கடையிலை ஆரோ சொன்னவையாம், கோலுக்கு நிண்டது றெஜியாமே எண்டு கேக்கிறார். உண்மையெண்டா புத்தகத்தை நிப்பாட்டட்டாம்."

அறையில் நான்கு பேர் இருந்தோம். குகன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தொலைபேசியை வாங்கினார். தன் கையால் எழுதிய தாள் அவர் முன்னால் கிடந்தது.

"ஓம் அண்ணை, நான்தான் நிண்டனான். வேறை ஆர்? ... படமோ? அது வேறை என்னவோ படம், பிழையா வந்தது, எடுத்தாச்சு ... உயரமோ? அப்ப உயரமாத்தான் இருந்தனான், பிரான்சுக் குளிரிலை சுருங்கிப் போனன்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. குகன் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பவானியக்கா, படத்தை எடுங்கோ. என்ரை பேரை அப்பிடியே விடுங்கோ."

5. தலைப்பு வரி

படத்தை எடுப்பது சுலபம். அந்த இடத்துக்கு நன்றி நவிலல் போதும். ஆனால் பட்டியலில் மேலே தலைப்பு வரி இருந்தது: 'விருது பெற்ற வீரர்.' அதன் கீழே குகதாசன். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் ஒரு பக்கத்தையும் அதுவரை மெஷினுக்கு அனுப்பியதில்லை. குகதாசன் என்ற வரியை மட்டும் வெறுமையாக விடலாமா என்று யோசித்தேன். எங்கள் ஒரே கோல்காப்பாளரின் பெயர் இல்லாவிட்டால் எல்லாரும் முதலில் கேட்பதே அதைப் பற்றித்தான்.

மூன்று மணி. அருளண்ணை வாசலில் நின்றார். "பவானி, நீர் ஒரு முடிவு சொல்லும். நாலு மணிக்குப் பிளேட் போடாட்டி ஞாயிறு வெறுங்கையோடைதான் போகோணும்."

குகன் எனக்குத் தந்த ஆதாரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட தாள்கள், அத்தனையும் சான்றிதழ்களின் படங்கள். உண்மையில் என்னிடம் இருந்தது அவ்வளவுதான். யார் ஆடினார் என்பதை நான் ஒருவருக்கும் சரிபார்க்கவில்லை. சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைத்தான் சரிபார்த்திருந்தேன். மூன்று இருபதுக்கு, பட்டியல் வரும் பத்தொன்பது பக்கங்களிலும் தலைப்பு வரியை மாற்றினேன்: 'சான்றிதழில் உள்ள பெயர்.' எல்லாருக்கும் ஒரே தலைப்பு. எந்த ஒரு வரியும் துருத்திக்கொண்டு நிற்காது.

றெஜி திரையில் வாசித்தார். தலையை ஆட்டினார். குகன் நின்றபடி மூன்று முறை வாசித்தார்.

"இதிலை பொய் இல்லையே அக்கா?"

"இல்லை."

"நான் ஃபோனிலை சொன்னது?"

நான் ஒப்பத் தாளை அடித்து அவர் முன்னால் வைத்தேன். அச்சிடச் சம்மதம் என்று வாடிக்கையாளர் ஒப்பமிடும் தாளை நாங்கள் பே-ஆ-தே என்போம். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அதில் கையெழுத்து வைத்தார். பேனை கடதாசியைக் கிழித்தது. இன்னொரு தாள் அடித்துக் கொடுத்தேன்.

6. அதற்குப் பிறகு

ஞாயிறு மண்டபத்தில் அறிவிப்பாளர் குகனை மேடைக்கு அழைத்தார்: "எங்கடை மண்ணின்ரை ஒரே கோல்காப்பாளர்!" கைதட்டல் ஓயவே இல்லை. பொன்னாடை போர்த்தும்போது குகன் குனிந்தே நின்றார். பணிவு என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பாராட்டினார். றெஜி வரவில்லை. அவருக்கு அன்று கடையில் வேலை.

செவ்வாய் பின்னேரம் றெஜியிடம் கேட்டேன். கடையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"நல்லாத்தான் கதைச்சினம். கடைசியிலை அந்த மனுசி, ஊரிலை விளையாட்டு ஏதும் செய்தனீங்களோ எண்டு கேட்டா. பாக்கிறதோடை சரி எண்டன்."

தகட்டால் அடுப்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். நான் சாப்பாடு கேட்க மறந்துபோய் வெளியே வந்தேன்.

பதினொரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை அச்சகத்துக்கு வந்தார். குடியுரிமைக் கடிதம் வந்துவிட்டது என்றார். வாழ்த்துச் சொன்னேன். அவர் போகவில்லை.

"அக்கா, புத்தகத்திலை பிழை வந்தா ஒரு துண்டு அடிச்சு உள்ளுக்கு வைப்பீங்களே. அது ஒண்டு வேணும்."

"பிழைதிருத்தமோ? எத்தினை?"

"ஒண்டு. ஆருக்கும் குடுக்கேல்லை. எனக்கு வைக்க."

அவர் முன்னாலேயே தட்டினேன். 'பக்கம் 41. கோல்காப்பாளர்: குகதாசன் என்பதை றெஜினோல்ட் என்று வாசிக்கவும்.' மலரில் பாவித்த அதே எழுத்து, அதே அளவு. அடிக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அலுவலகக் கோப்புக்குப் போக வேண்டும்; அதை அன்று மட்டும் செய்யவில்லை. மசிக்கோ என்கிற தாள்வெட்டும் மெஷினில் விளிம்பை வெட்டி அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இன்னொண்டு அடியுங்கோ அக்கா. குகனுக்கு."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததில் நான் தவறவில்லை. கேள்வி கேட்டதிலும் தவறவில்லை. அதை ஆறு பேர் நின்ற வரிசையில் கேட்டேன். அதனால் ஒரு மனிதர் தான் சொல்ல வந்த உண்மைக்கு எதிராகத் தன் வாயாலேயே பேச நேர்ந்தது. பக்கத்தை நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். கேள்வியை ஒருமுறைதான் கேட்க முடியும். ஆளைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.